நான் கலந்த முப்பது குப்பிகள்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்:
சிம்போத்தேத் துறைமுகத்தில்
மீன் எண்ணெயில் சோயா கலந்தவர்களில்
என்னைப்போல் நேர்த்தியாகக் கலந்தவர் யாருமில்லை.

நூற்றுக்கு ஒன்று. நூற்றுக்கு இரண்டு. ஐந்து.
எட்டேகால்.
தராசின் நான்காம் தசமம் நடுங்கி நிற்கும்வரை
மூச்சை அடக்கிச் சொட்டுவிட்டேன்.
முப்பது குப்பிகள். ஒவ்வொன்றின் கழுத்திலும்
என் கையெழுத்தில் என் குற்றத்தின் அளவு.
கலப்படம் எப்படி இருக்கும் என்று
கருவிக்கு யாராவது காட்டித்தரத்தானே வேண்டும்.

கருவி பெரிதொன்றுமில்லை, ஒரு ரொட்டிப் பெட்டி.
நடுவில், மூக்குத்திக் கல்லைவிடச் சற்றே பெரிய வைரம்.
அதன்மேல் ஒரு சொட்டு.
அடியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சிவப்பு வந்து
தொட்டுவிட்டுத் திரும்பும்;
எண்ணெய் எதை விழுங்கியது என்று
கோடு போட்டுக் காட்டும்.

நெத்திலியின் கோட்டில்
மூவாயிரத்துப் பன்னிரண்டுக்கு அருகே ஒரு சிறு தோள்.
குளிர்நீரில் உறையாதிருக்க
கொழுப்புக்குள் வளைந்து கிடக்கும் பிணைப்புகள் அவை.
சோயா கூடக்கூட அந்தத் தோள்
மயிரிழை இறங்கும்.
என் கண்ணுக்குப் பிடிபடாது.
கணக்குக்குப் பிடிபடும்.

ஆயிரத்தெழுநூறு எண்களை
மடித்து மடித்து
தாளில் ஒரே புள்ளியாக வைப்பது அதன் வேலை.
புள்ளியியல் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.
நல்ல எண்ணெய்கள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து உட்காரும்,
ஆலைக் கூரையில் கூழைக்கடாக்கள்போல்.
நான் கெடுத்தவை
கிழக்கே வரிசையாக விலகிப் போகும்.

இந்த ஏப்ரலில் கடலுக்குக் காய்ச்சல்.
நெத்திலி ஆழத்துக்கு இறங்கியது, இளைத்தது,
அங்கே எதைத் தின்றதோ.
வந்த பத்தொன்பது மாதிரிகளும்
கூட்டத்தைவிட்டுத் தள்ளி விழுந்தன.
"பத்தொன்பது திருடர்களா?" என்றார் பெனாவிதெஸ்,
சந்தோஷமா பயமா தெரியாத குரலில்.
கடிதங்கள் அச்சாகி வந்துவிட்டன.
என் ஒரு கையெழுத்துக்குக் கீழே
பத்தொன்பது ஆலைகளின் சம்பள நாள்.

அன்று கடைசிப் பேருந்தை விட்டுவிட்டேன்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பதினெட்டுப் புள்ளிகள் சேர்ந்தே
வடக்கே நகர்ந்திருந்தன,
சட்டிபானையோடு வீடு மாறும் குடும்பம்போல்.
ஒன்று மட்டும் வடக்கே போய்
கிழக்கே திரும்பியிருந்தது.

வடக்கே இழுத்தது கடல்.
கிழக்கே இழுத்தது ஒரு கை.

நினைத்துக்கொண்டேனே தவிர நிச்சயமில்லை.
பதினெட்டுக் கடிதங்களை இழுப்பறையில் பூட்டிவிட்டு
ஃபிதென்சியோவின் டேங்கர்மேல் ஏறினேன்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாக இருக்கலாம்;
எண்ணெய்க்கு மேல், நடு, அடி என்று மூன்று.
அவர் கீழே நின்று ஆரஞ்சு உரித்தபடி கேட்டார்:
"எல்லாம் இந்தக் கடலால்தானே, செஞோரா எடெல்மீரா?
எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்."
"கடலுக்குச் சோயா பயிரிடத் தெரியாது" என்றேன்.
ஒரு சுளை நீட்டினார்.
என் கையெல்லாம் எண்ணெய் என்று வாங்கவில்லை.

ஒன்பதே கால். ஒன்பதரை. ஒன்பதே கால்.

லீமாவின் பெரிய கருவி
ஒன்பது நாள் கழித்து அதையே சொன்னது.
பதினெட்டைக் கிழித்தேன். ஒன்றில் கையெழுத்திட்டேன்.
கலந்தது அவரா, ஆலையா,
வழியில் நிறுத்திய கொட்டகையா
என்று எந்தப் புள்ளியும் எனக்குச் சொல்லவில்லை.
ஃபிதென்சியோவை அதற்குப்பிறகு பார்க்கவுமில்லை.

இப்போது மேசையில்
இந்த ஆண்டின் மெலிந்த நெத்திலி எண்ணெய்,
மளிகைக்கடைச் சோயா,
முப்பது வெற்றுக் குப்பிகள்.
கடல் இடம் மாறிவிட்டது;
நான் மறுபடி முதலிலிருந்து கெட்டுப்போக வேண்டும்.

மூச்சை அடக்குகிறேன்.
நூற்றுக்கு ஒன்று.